ஊத்தாத்துல நீண்ட கை

கொஞ்சம் நெருங்கி உக்காருங்க... கதவு சாத்தியிருக்குல்ல? சரி.

நம்ம தங்கராஜுவோட பெரிய மாமா வீரமுத்து. அவருக்கு நடந்தது லா இது. மலாயாவுல வெள்ளக்காரன் போட்ட எமர்ஜென்சி காலம். காட்டுக்குள்ள கம்யூனிஸ்ட்டுங்க, ரோட்டுல பட்டாளம், நடுவுல நம்ம சனங்க.

விடிஞ்சும் விடியாத நேரம். கோலா கிளாவாங் டவுனுக்குப் போற செம்மண் ரோடு. ஈ காக்கா இல்ல. எஸ்டேட்டு லோரி வளைவுல திரும்புது... குறுக்க ரப்பர் மரத்த வெட்டிப் போட்டிருக்கானுங்க. பிரேக்கு புடிச்சதுதான். ரெண்டு பக்கமும் படபடன்னு துப்பாக்கிச் சூடு. டிரைவர் ஸ்டீரிங்குலயே சாஞ்சுட்டான். காவலுக்குப் போன ஸ்பெஷல் போலீசு நல்லசாமி, தொடையில குண்டு வாங்கிப் பள்ளத்துல கெடந்தான். வீரமுத்தோட தம்பி. அப்பன் இல்லாத புள்ள, இவரு வளத்தது.

சத்தம் கேட்டு எஸ்டேட்டு வீட்டுல இருந்து வீரமுத்து ஓடி வந்தாரு. ரத்தம் குபுகுபுன்னு போகுது. ரோடு அடைபட்டுப் போச்சு. ஆஸ்பத்திரிக்கு ஒரே வழி ஆறு. ஊத்தாறும்பாங்க. மலையடிப் பாறைக்குள்ள இருந்து ஊறி வர்ற தண்ணி. சில்லுன்னு இருக்கும், அடி மணல் தெரியும்.

பின்னாலயே ஓடியாந்த நல்லசாமி பொண்டாட்டி மயிலம்மாள் சேலையக் கிழிச்சுக் காயத்துல கட்டினா. "உசிரோட கொண்டு போயிருங்க மாமா..."

சம்பான் படக எறக்கி, தம்பியப் படுக்க வச்சுத் துடுப்பு போட்டாரு. ஆறு அன்னைக்கு ஒரே சத்தம். நீர்நாய்க் கூட்டம் பாறையில மீனக் கடிக்குது. உடும்பு தொபுக்குன்னு குதிக்குது. மேல இருவாச்சி றெக்கை அடிக்குது... உஸ்ஸு, உஸ்ஸு. தம்பி மூச்சும் அப்படித்தான் இழுக்குது.

ஒரு வளைவு. மூங்கில் புதருக்குள்ள இருந்து ஒருத்தன் தண்ணியில பாஞ்சான். சீன ஆளு. வயித்துல ரத்தம். சம்பான் விளிம்ப ஒரு கையால புடிச்சுக்கிட்டான். "தோலோங்... தோலோங்..." காப்பாத்துன்னு கெஞ்சுறான். லோரிய சுட்டவனா, அவங்களுக்குப் பயந்து ஓடியாந்த பக்கத்துக் கம்பத்து ஊர்க்காரனா... யாருக்குத் தெரியும்? சம்பான் சாயுது. தண்ணி உள்ள ஏறுது.

"விடுறா! விட்டுர்றா!"

விடல.

வீரமுத்து பாராங்கத்திய ஓங்கினாரு. மணிக்கட்டுல ஒரு போடு. பத்தல. இன்னொண்ணு. கை சம்பானுக்குள்ள விழுந்துச்சு. ஆளு கண்ணத் தொறந்தபடியே கீழ போனான். இவரு அந்தக் கைய ஒதச்சு ஆத்துல தள்ளினாரு.

அப்பதான் கவனிச்சாரு... சத்தமே இல்ல. நீர்நாய் இல்ல. குருவி இல்ல. சம்பானுக்கு அடியில மட்டும்... டொக். டொக். குனிஞ்சு பாத்தாரு. கண்ணாடியாட்டம் தண்ணி. மணல். வேற ஒண்ணும் இல்ல.

அடுத்த வளைவு. அதே ஆளு. இடுப்பளவு தண்ணியில நிக்கிறான், சட்டை நனையவே இல்ல. சம்பான் கிட்ட வந்ததும் நீட்டுறான்... வெறும் மணிக்கட்ட. வெட்டினாரு. தண்ணிதான் தெறிச்சுச்சு. அதுக்கடுத்த வளைவுலயும் நின்னான். இன்னும் கிட்ட. வெட்டி வெட்டி இவருக்குத் தோளு கழண்டு போச்சு.

"அண்ணே... யாரண்ணே வெட்டுற?"

தம்பி கேட்டான். குரல் தெளிவா இருந்துச்சு. வலியே இல்லாத மாதிரி.

சம்பான் டவுன்கிட்ட ஒதுங்குனதும், கரையில நின்ன போலீசுதான் ஜீப்புல போட்டுக் கொண்டு போனாங்க. ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரெஸ்ஸர் கணேசமூர்த்தி தொட்டுப் பாத்துட்டு, "ரத்தம் நின்னிருச்சு. பொழைச்சுக்குவான் லா"ன்னாரு. வீரமுத்துக்கு அழுகையே வந்துருச்சு.

சேலைக் கட்ட அவுத்தாங்க.

அடியில... கை. மணிக்கட்டோட. குண்டு பாஞ்ச எடத்த இறுக்கிப் புடிச்சிருக்கு. தண்ணியில ஊறுன வாடை.

இழுத்தாங்க, வரல. விரல ஒவ்வொண்ணா ஒடிச்சுத்தான் எடுத்தாங்க. கடைசி விரல் நிமிந்துச்சு பாருங்க... அடங்கியிருந்த ரத்தம் மொத்தமும் பீச்சி அடிச்சுச்சு. செவுரெல்லாம். நல்லசாமி, "அண்ணே"ன்னான். அவ்வளவுதான்.

டிரெஸ்ஸர் அந்தக் கைய எனாமல் தட்டுல போட்டுட்டு, மூடத் துணி எடுக்கத் திரும்பினாரு. வீரமுத்து மட்டும் பாத்துக்கிட்டு நின்னாரு.

தட்டுல... ஒடிச்ச விரலெல்லாம்... ஒண்ணொண்ணா மடங்கி... மறுபடியும் இறுகிக்கிச்சு.