பின்சக்கரத்துக் கம்பிகள்

எனக்கு நடக்கப் பிடிக்காது, ஐயா. கப்பலை விட்டு இறங்கி இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து நடந்துகொண்டேதான் இருக்கிறேன். மரத்துக்கு மரம் நடை, பால் வாளியோடு ஸ்டோருக்கு நடை. பிறகு ஆபீசில் எடுபிடி வேலைக்குப் போட்டார்கள். தபால் எடுக்கச் சிம்பாங் பூலாய்வரை நடை. அதனால் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டுக்குப் பின்னால் அந்தச் சைக்கிளைக் கண்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சீமைக்குத் திரும்பிப் போன சின்னத்துரை விட்டுப்போன வண்டி அது. யுத்தத்துக்கு முன்னால் செய்தது. கைப்பிடி ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். குனிந்துதான் ஓட்ட வேண்டும். ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டேன். "எடுத்துக்கடா, துரு தின்னதுதானே" என்றார். செயினை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். ஈப்போவில் ஒரு சீனர் கடையில் பழைய கம்பிகள் கிடைத்தன. சக்கரத்தைச் சுற்றிவிட்டு எங்கே கோணுகிறது என்று பார்த்து, அந்த இடத்துக் கம்பியை மட்டும் கொஞ்சம் திருக வேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொறுமை வேண்டும். அது எனக்கு உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போ போய்வர ஆரம்பித்தேன். சுண்ணாம்பு மலைகளை ஒட்டிப் போகிற அந்தச் சாலையில்தான் நான் சந்தோஷமாக இருந்தேன். வீட்டில் அப்படி இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் பெண்சாதி செல்லாயிக்கு இது பிடிக்கவில்லை. அவள் பக்கமும் நியாயம் இருந்தது. அவள் அக்கா ஈப்போவை ஒட்டின புந்தோங்கில் இருந்தாள். செல்லாயி அப்போது ஏழு மாதம். "என்னையும் பின்னால வச்சுக் கூட்டிட்டுப் போங்க, அக்காவப் பாத்துட்டு வந்துருவேன்" என்று வாராவாரம் கேட்பாள். பின்னால் உட்காரக் கேரியர் இல்லை என்பேன். அது உண்மை. ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாம். போட்டால் அந்த வண்டியின் அழகு போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள், பால் வெட்டுகிற கத்தியை எடுத்து இரண்டு டயரையும் கிழித்துவிட்டாள். கோடாலியால் பின்சக்கரத்துக் கம்பிகளையும் கொத்திப் போட்டிருந்தாள். "இப்ப போங்க" என்றாள்.

நான் அவளை அடிக்கவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சத்தம்கூடப் போடவில்லை. ராத்திரி அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன். "கோவத்துல செஞ்சுட்டேன், மன்னிச்சிருங்க" என்று அழுதாள். சரி என்றேன். மறுநாளே ரிப்பேர் வேலையைத் திரும்பத் தொடங்கினேன்.

அவளுக்கு வலி கண்டது ஒரு வேலை நாளில், காலையில் பேர் கூப்பிடும் பிரட்டு கலைந்து ஆட்கள் பால் வெட்டப் போன பிறகு. பக்கத்து வீட்டு வீரம்மா அக்காதான் லயத்தில் பிள்ளைப்பேறு பார்ப்பவள். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"தம்பி, புள்ள கால் பக்கமா வருது. என் கையில ஆவாது. ஓடிப் போயி டிரெசரக் கூட்டிட்டு வா."

வைத்தியம் பார்க்கும் டிரெசர் இருக்கும் ஆஸ்பத்திரி ஆறு மைல் தள்ளி இருக்கிறது. கங்காணி சின்னையா விஷயம் கேள்விப்பட்டு வந்தபோது, நான் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கழற்றிய பின்சக்கரத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"மாட்டு வண்டியப் பூட்டச் சொல்லவா, பிச்சைமுத்து? பொண்ண ஏத்திட்டுப் போயிரலாம்."

"வேணாம் அண்ணே. வண்டி பாதி வழி போறதுக்குள்ள நான் டிரெசரோட வந்துருவேன். சக்கரத்த மாட்டுனா முடிஞ்சிச்சு லா."

கங்காணி யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அங்கிருந்த மற்றவர்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் சைக்கிளின் வேகம் அவர்களுக்குத் தெரியும். அதனால் வண்டி பூட்டவில்லை, வேறு யாரும் ஓடவும் இல்லை.

நான் வேலையைப் பார்த்தேன். கம்பியை விரலால் சுண்டினால் ஒரு சத்தம் வரும். இறுக்கம் சரியா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். செல்லாயி கத்தும்போது அது காதில் விழவில்லை. அவள் ஓயும்வரை நிறுத்தி வைத்து, பிறகு தொடர்ந்தேன்.

உச்சி வெயிலில் வீரம்மா அக்கா மறுபடி வந்தாள். முழங்கைவரை ரத்தம். "இன்னுமா முடியல? நடந்தாச்சும் போயேன்டா" என்றாள்.

"நடந்தா நேரமாவும் அக்கா. இது இப்ப முடிஞ்சிரும்."

காலையிலேயே நடந்திருந்தால் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். அது எனக்கும் தெரியும். அப்போது என்ன தோன்றியது என்று கேட்டீர்கள். ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

வெயில் சாய்ந்த பிறகு கிளம்பினேன். போகவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாக மிதித்தேன். டிரெசர் நல்ல மனிதர். கையைக் கழுவிக்கொண்டு உடனே தன் சைக்கிளில் என்னோடு வந்தார். நாங்கள் வந்தபோது அவளைப் போர்த்தி வைத்திருந்தார்கள். ஆண் குழந்தை. அது அழவே இல்லையாம். இரண்டு பேரையும் ஒரே குழியில் வைத்தோம். கங்காணி என் தோளில் கை போட்டு, "உன்னால முடிஞ்சதச் செஞ்ச" என்றார்.

வீரம்மா அக்கா ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அவள் கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள். ஆனால் செல்லாயி சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். தெரிந்துகொண்டிருப்பாள். புருஷன் பெண்சாதிக்குள் இதைவிடப் பெரிய சண்டையெல்லாம் நடக்கிறது.

அன்றைக்குச் சக்கரத்தில் என்ன கோளாறு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். கோளாறு எதுவும் இல்லை, ஐயா. முந்தின நாளே வேலை முடிந்துவிட்டது. அன்று விடிவதற்கு முன்னால் லயத்துச் சாலையில் ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தேன். நேராகப் போனது. வீரம்மா அக்கா என்னை ஓடச் சொல்லிவிட்டு உள்ளே திரும்பியதும்தான், பின்சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன்.