குறட்டை கேட்காத நேரம்

நிந்தவூரில் ஏறிய இரண்டு பெண்கள் கல்முனை பஸ்ஸில், நான் நின்ற இடத்துக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தார்கள்.

“அவர் குறட்டை உட்டாத்தான் எனக்கு உசிர் வரும்,” என்றார் மூத்தவர்.

இளையவர் சிரித்தார். “எங்கட ஊட்டுல அதுக்குத்தானே சண்ட, ராத்தா.”

“சிரி நீ. மில்லுத் தூசியால அவர்ர சுவாசப்பை பழுது. இப்ப நித்திரையில மூச்சும் நிண்டு நிண்டு வருது. ரெண்டும் சேந்தா ஆபத்தெண்டு டொக்டர் சொன்னாரு. நான் தஸ்பீஹ் மணிய உருட்டி எண்ணுவன். பத்துக்குள்ள மூச்சு வராட்டி, தட்டி எழுப்புவன்.”

“இப்ப ஆரு எண்ணுற?”

மூத்தவர் அவசரமாகப் போனை எடுத்தார். நெடுநேரம் கழித்து ஓர் ஆண்குரல் ஏசியது.

“அல்ஹம்துலில்லாஹ், நல்லா ஏசுங்க. நான் மருந்தெடுத்து வாறவரைக்கும் படுத்திராதீங்க.”

காரைதீவு தாண்டியதும் மறுபடி அழைத்தார். போன் காதில் இருக்க, மற்றக் கை தஸ்பீஹை உருட்டியது. பத்தையும் தாண்டி உருட்டிக்கொண்டே இருந்தது.