தரையில் போட வேண்டிய மாத்திரை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பாத்ரூம் தரையில போடறத யாராவது வாயில போடுவாங்களா?” என்று அந்தப் பெண் கத்தியதும் பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

“மெதுவா பேசு. சளிக்கு மாத்திரைன்னு நீதான எங்கப்பாகிட்ட குடுத்த?”

“தரையில வெச்சு சுடுதண்ணி ஊத்துங்க, வாசனை புடிங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன். ஆப்ப சோடாவும் சிட்ரிக் ஆசிடும் ஈரம் பட்டா பொங்கும். அப்பதான் அதுல கலந்த தைலம் ஆவியோட மேல வரும். வாயிலயும் ஈரம்தான, பொங்கிடுச்சு.”

“வாயெல்லாம் நுரை தள்ளுதுன்னு அப்பா இருக்கற கீரப்பாளையத்துலேர்ந்து போன் வந்தா பயப்பட மாட்டனா? நல்லவேளை, உடனே துப்பிட்டாரு.”

“பயப்படுங்க. போனை வெச்சதும் என்னாண்ட என்னா கேட்டீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எங்கப்பாவுக்கு என்னா விஷத்த குடுத்தன்னு கேட்டீங்க. ஊர்க்காரங்க கேட்டிருந்தா தாங்கிக்குவேன். நான் வீட்டுல அந்த மாத்திரைய செய்யறப்ப பக்கத்துல உக்காந்து, பொடிய அச்சுல அழுத்திக் குடுத்ததே நீங்கதான?”

சிதம்பரத்தில் அவர் பையைத் தூக்கப் போனார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் இறங்கிப் போனாள்.