துண்டு காயும் ஊர்

— தொட்டுப் பாத்தியா?

— இன்னும் இல்ல. டீயைக் குடிச்சிட்டுப் பாக்கிறேன்.

— டீ எங்கயும் ஓடிப்போகாது. முதல்ல தொட்டுப் பாரேன்.

— துண்டு மட்டும் ஓடிப்போயிடுமா? பால்கனிக் கொடியில கிளிப் போட்டுத்தான தொங்குது. என்னங்க அவசரம் உங்களுக்கு?

— மதியம் தரகர் வந்துடுவாரு. அந்த மாடி வீடு வேணுமா வேணாமான்னு பதில் சொல்லணும். வேற ரெண்டு பேரு கேட்டுட்டு நிக்கிறாங்களாம். ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டினாரே, நீ பாக்கலை?

— தரகருங்க எந்த ஊரா இருந்தாலும் ரெண்டு பேரைக் கைவசம் வச்சிருப்பாங்க. நம்ம ஊர்ல கடை பிடிச்சப்பவும் அதே ரெண்டு பேருதான் நின்னாங்க.

— விளையாடாத. பாக்கிறதுக்குன்னு வச்சிருந்த மூணு ஊர்ல இதுதான் கடைசி. இதையும் விட்டா பெட்டியைக் கட்டிக்கிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

— திரும்பினா என்னவாம்?

— என்னவாமா? உன் லாண்டரியை உன் தம்பிகிட்டயும், என் பூட்டுக் கடையை மருமகன்கிட்டயும் குடுத்தாச்சு. வெளிநாட்டுல கடலோரமா ஒரு ஊரு பாக்கப் போறோம், இனிமே வருஷம் பூரா அங்கதான்னு தெருவுக்கே சொல்லிட்டு வந்திருக்கோம். திரும்பிப் போனா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கிறது?

— உங்களுக்கு இருக்கிறது ஒண்ணுதான. அதையே வச்சுக்கிட்டு நில்லுங்க.

— ...தொட்டுப் பாருடி.

— பாக்கிறேன், பாக்கிறேன். முப்பது வருஷம் லாண்டரி ஆவியில வெந்த கை இது. கிட்டப் போனாலே சொல்லிடும்.

— என்ன சொல்லுது?

— ஜன்னலைச் சாத்தச் சொல்லுது. சாரல் அடிக்குது பாருங்க.

— இந்த மழையில துண்டைக் காயப் போட்டு ஊரைச் சோதிக்கிறதே அநியாயம். வெயில் காலத்துல வந்திருக்கலாம்.

— வெயில் காலத்துல எந்தக் கடலோரமும் அழகாத்தான் இருக்கும். நாலு நாள் வந்துட்டுப் போறவங்களுக்கு அது போதும். வருஷம் பூரா இருக்கப்போறவங்க, அது மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிறப்ப வந்து பாக்கணும். ஒரு ஆளோட குணம் காய்ச்சல்லதான் தெரியும். உங்களை நான் அப்படித்தான தெரிஞ்சுக்கிட்டேன்?

— என் குணத்துக்கு என்ன குறைச்சல்?

— லேசாச் சளி பிடிச்சாப் போதும், பிள்ளைங்களை வரச் சொல்லு, ஒரு தடவை பாத்துக்கிறேன்னு ஆரம்பிச்சுடுவீங்க.

— அது சளி இல்ல. நெஞ்சுல கட்டி... சரி விடு. பேச்சை மாத்தாத. சட்டம் நீ போட்டது. ராத்திரி துண்டைச் சொட்டச் சொட்ட நனைக்கணும், கையால ஒரே ஒரு தடவை பிழியணும், கொடியில போடணும். மறுநாள் மதியத்துக்குள்ள காஞ்சா ஊரு பாஸு. காயலைன்னா கடல் தங்கமா இருந்தாலும் வேணாம்.

— ஆமாம். ஈரத்துணியோட மாரடிச்சது போதும்னுதான அந்தச் சட்டத்தையே போட்டேன்.

— முதல்ல பாத்தோமே, படிக்கட்டு ஊரு. அங்க மூணு நாள் தொங்கியும் நாத்தம்தான் வந்துச்சு.

— துண்டு காஞ்சிருந்தாலும் அந்த ஊரு ஆகாது. கடலைப் பாக்க இறங்கிட்டா, வீட்டுக்கு ஏற மறுநாள் ஆகும். ஆனா ரெண்டாவது ஊர்ல பட்டுனு காஞ்சுதே, அதைச் சொல்ல மாட்டீங்களே.

— எது?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. நம்மாளுங்க ஊரு. தெருவுக்கு நாலு குடும்பம் நம்ம பேச்சு பேசுது. கீழ இறங்கினா "அண்ணே, ஒரு கை குறையுது, வாங்க"ன்னு சீட்டாடக் கூப்பிடுறாங்க. உங்க மனசு அங்கதான் இருக்கு.

— நான் சொன்னேனா?

— வாயைத் திறந்து வேற சொல்லணுமா? சீட்டுல ஜெயிச்ச அன்னிக்குத் தூக்கத்துலயே சிரிச்சீங்க.

— இங்க வந்து சிரிக்கலையா?

— இங்க தூக்கத்துல கையை ஆட்டி ஆட்டி யாருக்கோ ஜாடை காட்டுறீங்க. நேத்து என் மூக்குலயே ஒண்ணு விழுந்துச்சு.

— பாஷை தெரியாத ஊருல கனவும் ஜாடையிலதான் வருது. நான் என்ன பண்ண?... ஏய், எங்க போற?

— நீங்கதான தொடச் சொன்னீங்க. தொட்டுட்டேன்.

— என்ன?

— காஞ்சிருக்கு.

— பாத்தியா! பாத்தியா! இந்தக் கொட்டுற மழையிலயும் காஞ்சிருக்கு பாரு! காத்துன்னா இதுதான் காத்து. தரகர் வந்ததும் முதல் வேலையா...

— இருங்க, இருங்க. எந்த இடத்துல காஞ்சிருக்குன்னு கேளுங்க.

— எந்த இடத்துல காஞ்சா என்ன?

— கொடியில மடிச்சுப் போட்ட துண்டுக்கு, கொடி படற நடுப்பக்கம்தான் கடைசியாக் காயும். இதுல நடுப்பக்கம் மொறமொறன்னு இருக்கு. தொங்குற ஓரமெல்லாம் சதசதன்னு இருக்கு. இந்த ஊருக் காத்து என்ன, நடுவுல குறி பாத்து அடிக்குமா?

— ...கடல் காத்து. அது எப்படி வேணா அடிக்கும்.

— அப்படியா? நாம தங்கியிருக்கிற இந்த ரூமு வீட்டுக்காரம்மா குளியலறை டிராயர்ல ஒரு ஹேர் டிரையர் வச்சிருக்காங்க. சீப்பு எடுக்கத் திறந்தப்ப அது ஏன் சூடா இருந்துச்சு?

— நான் தலைக்குக் குளிச்சேன்.

— உங்க தலையில காய வைக்க என்னங்க இருக்கு? துணியால ஒரு தடவை துடைச்சா முடிஞ்சுது. நான் ரொட்டி வாங்கக் கீழ போன நேரம் பாத்து வேலையைக் காட்டியிருக்கீங்க.

— பாதியிலயே நீ படியேறி வந்துட்ட. இன்னும் கொஞ்சம் நேரம் குடுத்திருந்தா ஓரத்தையும் முடிச்சிருப்பேன்.

— ஏங்க இப்படி?

— இந்த ஊரு எனக்குப் பிடிச்சிருக்கு.

— அதை வாயால சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?

— எப்படிச் சொல்றது? மழை மாசம் வந்தா உனக்கு விரல் இடுக்கெல்லாம் புண்ணாயிடும். அதோட நின்னு நின்னு அடுத்தவங்க துணியைப் பிழிஞ்ச. ஈர வாடை இல்லாத ஊருதான் வேணும்னு நீ கேட்டது அது ஒண்ணுதான். எனக்குப் பிடிச்சிருக்குன்னு நான் சொன்னா, மறு பேச்சு பேசாம சரின்னுடுவ. அப்படி ஒரு சரி எனக்கு வேணாம்.

— அதுக்காக ஏமாத்துறதா?

— துண்டைத்தான ஏமாத்தினேன்.

— பக்கத்துல நின்ன என்னையும் சேத்துத்தான்.

— தப்புதான். ஒத்துக்கிறேன். நம்மாளுங்க ஊருக்கே போயிடலாம். அங்க நல்லாக் காயுது. எனக்கும் சீட்டு இருக்கு... நல்ல ஊருதான்.

— ஊரு நல்லா இருந்தா குரல் ஏன் இப்படிக் கிணத்துக்குள்ள போகுது? இந்த ஊர்ல அப்படி என்ன இருக்கு? அதைச் சொல்லுங்க முதல்ல.

— சிரிக்கக் கூடாது.

— சிரிக்கலை.

— உப்புக் காத்து. இந்தத் தெருவுல ஒரு பூட்டு ஒழுங்காத் திறக்காது தெரியுமா? ரொட்டிக்கடைக்காரரு தினம் ஷட்டரை நாலு உதை உதைச்சுத்தான் தூக்குறாரு. மருந்துக்கடைப் பூட்டு பாதி சாவியை விழுங்கி வச்சிருக்கு. பாக்கப் பாக்கக் கை துறுதுறுங்குது எனக்கு.

— ஓ... உங்க சட்டைக் கையில எண்ணெய்க் கறை வந்தது அப்படித்தானா?

— ரொட்டிக்கடை ஷட்டர். தொட்டுப் பாக்கட்டுமான்னு ஜாடையில கேட்டேன். சரின்னாரு. ஒரே விரலால தூக்குற மாதிரி பண்ணிக் குடுத்தேன். அந்த மனுஷன் மூஞ்சியைப் பாத்திருக்கணும் நீ... நம்மாளுங்க ஊர்ல நான் யாரு? சீட்டுல நாலாவது கை. இங்க ஒரு வார்த்தை பேசத் தெரியலைன்னாலும், நான் பூட்டுக்காரன்னு தெரியுது. எனக்கு இன்னும் சும்மா உக்கார மனசு வரலை.

— ம்...

— சிரிக்கிற.

— சிரிக்கலைங்க. நேத்து ராத்திரி நான் துண்டைக் கொடியில போட்டப்போ நீங்க பக்கத்துலதான நின்னீங்க?

— கிளிப் எடுத்துக் குடுத்தேனே.

— அது சொட்டுச்சா?

— சொட்டுச்சு... இல்ல, இரு. சொட்டலை போலிருக்கே.

— எப்படிச் சொட்டும்? கீழ வாஷிங் மிஷின்ல ஸ்பின் போட்டு எடுத்துட்டு வந்தேன். ரெண்டு தடவை.

— ஏய்!

— கத்தாதீங்க. கீழ வீட்டுக்காரம்மா இருக்காங்க.

— சட்டம் போட்டவளே நீ!

— போட்டவளுக்குத்தான ஓட்டை எங்க இருக்குன்னு தெரியும்? அவ்வளவு பண்ணியும் விடியறப்ப தொட்டா ஈரம். அதான் ரொட்டி, டீ, சாரல்னு நேரத்தை இழுத்துட்டு இருந்தேன். மதியத்துக்குள்ள எப்படியாவது காஞ்சுடாதான்னு.

— உனக்கு எதுக்குடி இந்த ஊரு?

— நம்மாளுங்க ஊர்ல போய் இறங்கின அன்னிக்கே ஒரு அம்மா வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க லாண்டரி வச்சிருந்தீங்களாமேன்னு கேட்டு, மை கொட்டின சட்டையை நீட்டினாங்க. அங்க போனா சாகற வரைக்கும் கறைதான். இங்க நான் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. சாயங்காலம் அந்தக் கடலோரச் சுவத்துல உக்காந்தா, கையில ஒரு துணி இல்ல, மடியில ஒரு துணி இல்ல. முதல் நாள் கையை எங்க வைக்கிறதுன்னே தெரியலை. இப்பப் பழகிடுச்சு. சந்தோஷமா இருக்குங்க எனக்கு.

— உனக்கு வேலை வேணாம், எனக்கு வேலை வேணும்...

— ரெண்டும் ஒரே ஊர்ல கிடைக்குது.

— இந்த ஈரம்?

— டிரையர் வாங்கிக்கலாம். துணிக்கு.

— இதை என்கிட்ட வாயால சொல்லியிருக்கலாம்ல?

— நம்ம பேச்சு பேச ஆள் இல்லாம நீங்க வாடிப் போயிடுவீங்கன்னு நெனச்சேன். துண்டு காஞ்சுட்டா, சட்டம்னா சட்டம்னு கூடவே வந்துடுவீங்கல்ல?

— நல்லா இருக்குடி கதை. சரி, தரகர் வந்ததும் வேணும்னு சொல்லிடலாம். அந்த ரெண்டு பேரு முந்திக்கப் போறாங்க.

— அவரு பதில் கேக்க வரலைங்க.

— பின்ன?

— சாவி குடுக்க வராரு. ஞாயித்துக்கிழமை அவரைத் தெருவுல பாத்தேன்... வேணும்னு நானே தலையாட்டிட்டு வந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க.

— கோவமெல்லாம் இல்ல. ஆனா, அவரு கொண்டு வர்ற சாவி அந்த மாடி வீட்டுக் கதவைத் திறக்காது. வெள்ளிக்கிழமை காலையில நடக்கப் போறேன்னு சொல்லிட்டு, அந்த வீட்டுக்காரர்கிட்ட ஜாடையில கேட்டு, துருப்பிடிச்ச பூட்டைக் கழட்டிட்டுப் புதுசு போட்டுட்டேன். கையை நீட்டு... இந்தா, இது உன் சாவி.