சக்கரைக்குப் பொடி

இரும்மா, பொட்டலம் கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. ஒங்கப்பா சக்கரைக்கு ஊசி போட்டுகினு கீறாரா? இதக் குடிச்சுட்டு நிறுத்தப் போறாரா? அப்போ தரமாட்டேன். கோச்சுக்காத.

ஆமா, போர்டுல சக்கரைக்குப் பொடின்னு நாந்தான் எழுதுனேன். குரோம்பேட்டையில தயாளன் கடைன்னாலே இந்தப் பொடிதான். டிவில பாத்தியா? ஒரு டாக்டரு பச்சிலையால கிட்னி பூடும்ங்கறாரு. எதிர்ல ஒக்காந்துகினு ஒரு வைத்தியரு, நம்ம முன்னோருங்க இன்னா முட்டாளான்னு கத்துறாரு. அவங்களுக்கு இன்னா, பேசிட்டு வூட்டுக்குப் பூடுவாங்க. பேஜாரு எனக்குத்தான்.

எங்கூட்டம்மா கங்காவுக்கும் சக்கரம்மா. ஒழுங்கா ஊசி போட்டுகினுதான் இருந்தா. புதுசா இடிச்ச பொடிய மொதல்ல அவதான் குடிப்பா, கல்லாகிட்ட நின்னுகினு, ஜனங்க முன்னாடி. கடைக்காரன் பொண்டாட்டியே குடிக்கிறான்னா அதுக்கு மேல இன்னா விளம்பரம் வேணும்? ஒருநாளு ஒரு அம்மா கேட்டுச்சு, நீங்க ஊசியும் போடுறீங்களாக்கான்னு. எதுக்கு ஊசின்னுட்டா இவ. ரோஷக்காரி. சொன்ன வாய்க்குப் பொய் ஆவக்கூடாதுன்னு அன்னியோட ஊசிய நிறுத்திட்டா.

சொல்லாம இருப்பேனா? கால்லயே உழுந்துட்டேன். ஊருக்கே விக்கற, எனக்கு மட்டும் விஷமான்றா. அது விஷம் இல்லடி, ஊசிக்குப் பதிலு இல்ல, அவ்ளோதான்னேன். அத ஏன் போர்டுல எழுதலன்றா. நல்ல பொடின்னுதான் நெனச்சேன். இப்போ அதுவும் தெரியல எனக்கு.

புள்ளைங்க சொல்லியாச்சு, சாமியாடி சொல்லியாச்சு. கல்லு மாதிரி ஒக்காந்துகினு கீறா.

ஒரு ஒதவி பண்ணுவியா? பின்னாடிதான் வூடு. உள்ள போயி, எங்கப்பாவுக்கு இந்தப் பொடி வேணாம், ஊசியே போட்டுக்கட்டும்னு அவ காதுல உழறாப்புல சொல்லு. நான் சொன்னா ஏறல, வாங்க வந்தவ சொன்னா ஏறுதான்னு பாப்போம். இன்னிக்கே இட்டாந்தா புண்ணு வந்த கால முட்டிக்குக் கீழ எடுக்கறதோட பூடும், இல்லாங்காட்டி உசுருக்கே கேரண்டி இல்லன்ட்டாங்க ஆஸ்பத்திரியில.

கால காட்டுவா. பொடியத்தான் அப்பிகினு கீறேன், ஆறிகினு வருதுன்னுவா. மூஞ்ச சுளிக்காதம்மா, மூக்க மட்டும் பொத்திக்காத. வாடையே அடிக்கலன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.