சனிக்கிழமை வண்டி

பழைய காரை வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பெயின்ட்டைத்தான் பார்ப்பார்கள், மேடம். நான் தரையில் படுத்து அடியைப் பார்ப்பேன். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் பிரேக் செக்‌ஷனில் கிடந்தவனுக்கு வேறு எங்கே கண் போகும்.

என் பேர் அனந்தகிருஷ்ணன். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பின் தெரு. பென்னியும் சினேகாவும் எதிர்வீடு. விபத்து என்று ஸ்டேஷனில் நீங்கள் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டீர்கள். பழைய வண்டி, வேளச்சேரி மேம்பாலத்து இறக்கம், பிரேக் பிடிக்கவில்லை, முன்னால் நின்ற லாரி. பென்னி போய்விட்டான். சினேகாவுக்கு இடுப்பெலும்பு. எழுதியது எல்லாம் சரிதான், அதில் என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைத் தவிர. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எனக்கும் கார் இருந்தது. கண்ணில் அழுத்தம் வந்த பிறகு என் மகன் ஸ்ரீரங்கன் அதை விற்றுவிட்டான். சனிக்கிழமை தவறாமல் திருநீர்மலை போய்ப் பெருமாளைச் சேவிக்கிறவன் நான். "ஷேர் ஆட்டோல போங்கப்பா, இன்னா குறைஞ்சிடப் போவுது" என்றான். குறையத்தான் செய்தது. முட்டியை மடக்கிக்கொண்டு நாலு பேர் நடுவில் உட்கார்ந்து போகும்போது, தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அப்போதுதான் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி பென்னி வந்தான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். "பழைய கார் மேல சின்ன வயசுலேர்ந்து ஆசை அங்கிள். ஷோவுக்கு நிறுத்தி வைக்க இல்ல, டெய்லி வேலைக்கு ஓட்டத்தான். நீங்க பாத்து ஓகே சொன்னாதான் வாங்குவேன். வாங்கிட்டா சனிக்கிழமை உங்க கோயிலுக்கு நான்தான் டிரைவர்" என்றான்.

சேலையூரில் குப்புராஜ் என்பவர் வீட்டில் நின்றது வண்டி. எண்பத்தோராம் வருஷத்து மாடல், ஸ்டியரிங் ஓரத்தில் கியர், பால்கோவா நிறம். "எங்க நைனா வாங்குன வண்டி சார், ஒரே கை. சும்மா நின்னுகினு கீது, பாத்தா பேஜாரா கீது" என்றார் அவர். பொய் இல்லை. நன்றாகத்தான் வைத்திருந்தார்.

நான் படுத்து அடியைப் பார்த்தேன். பின்பக்கம் பிரேக் பைப் துருவேறி, ஒரு இடத்தில் ஈரமாக இருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். பிரேக் ஆயில். அந்த வண்டிக்கு நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன், மேடம். எங்கே ஒழுகினாலும் நாலும் போகும். அரை நாள் வேலை, புது பைப் போட்டால் தீர்ந்தது. ஆனால் சினேகாவுக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த வண்டி பிடிக்கவில்லை. ஒழுகுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாள். புது வண்டி வந்தால் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்.

கைக்குட்டையால் அந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு எழுந்தேன். "தினமும் ஜிஎஸ்டி ரோடுல ஓட்டப் போறாரு அங்கிள். பிரேக் நல்லா இருக்கா? நீங்க சொல்லிட்டா நான் வாயே தொறக்க மாட்டேன்" என்று கேட்டாள் எங்களோடு வந்திருந்த சினேகா.

"பிரேக் என் பொறுப்பும்மா" என்றேன்.

பொறுப்பாகத்தான் இருந்தேன். வாரம் ஒரு முறை, சனிக்கிழமை புறப்படும் முன் பானெட்டைத் திறந்து, இறங்கியிருக்கிற அளவுக்கு ஆயில் ஊற்றிவிடுவேன். "கண்ட மெக்கானிக்கிட்டயும் விடாதப்பா" என்று பென்னியிடம் சொல்லி வைத்தேன். பைப்பை மாற்றச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே என்று கூச்சம். அதற்கும் மேலே ஒன்று உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த வண்டிக்கு நான் தேவைப்பட்டேன். வேறு யாருக்கும் தேவைப்படவில்லை. ஏழு மாதம் வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து திருநீர்மலை போனேன். அவன் மாதா கோயில் பிள்ளை, மலையடிவாரத்தில் எனக்காகக் காத்திருப்பான்.

பிறகு சினேகா வேண்டிக்கொண்டாள். குழந்தைக்காக, பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு ஒன்பது சனிக்கிழமை. "ஒம்பது வாரந்தான் அங்கிள். அப்புறம் உங்க பெருமாள்தான்" என்றான் பென்னி. நியாயமான பேச்சு. மூன்று வாரம் நான் வழக்கம்போல் ஆயில் ஊற்றினேன். அவர்கள் போன பிறகு வீட்டில் உட்கார்ந்து டிவியில் பெருமாளைப் பார்த்தேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். சினேகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கிளம்பறதுக்கு முன்னாடிகூட நீங்க பாத்தீங்களே அங்கிள். எங்க நேரம். நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றாள். அவள் அம்மா எனக்கு ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தார். குடித்தேன், மேடம். அந்த வெட்கக்கேட்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். வயசுக்கு அதை நம்புவீர்கள். மறக்கவில்லை. நாலாவது சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பென்னி கூப்பிட்டான். பானெட்டைத் திறந்தேன். ஆயில் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. ஊற்ற வேண்டிய பாட்டில் என் வேட்டி மடியில் இருந்தது. "ஓகேவா அங்கிள்?" என்றான். முன் சீட்டிலிருந்து சினேகா சிரித்தாள்.

"ஓகேப்பா" என்று மூடினேன்.

அவன் சாக வேண்டும் என்று நினைக்கவே இல்லை. மேடவாக்கம் தாண்டுவதற்குள் பெடல் மெத்தென்று இறங்கும், பயந்துபோய் மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான், நான் ஆயில் ஊற்றிக் கொடுப்பேன், அதற்குப் பிறகு பெசன்ட் நகருக்கு நேரமாகியிருக்கும், திருநீர்மலைக்கு நேரம் இருக்கும். அப்படித்தான் கணக்குப் போட்டேன். அவர்கள் போன உடனே குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, துளசியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, பத்தரை மணி வரை வாசலில் தயாராக நின்றேன்.