யாரோடு யாரை விடலாம்

வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டு எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மீன் அழகு என்பதைத்தான். எது எதோடு ஒத்துப்போகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கல்யாணத்திலும் இதே கதைதானே என்பேன், சிரிப்பார்கள். எனக்கு இன்னும் ஆகவில்லை என்று சேர்த்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள்.

நீங்கள் சிரிக்கவில்லை மேடம். பரவாயில்லை. டீக்கு நன்றி. கேட்டதை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் அக்காவும் நானும்தான். அக்கா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அவள் சமைப்பாள், நான் பாத்திரம் கழுவுவேன். ஃபேனை எந்த வேகத்தில் வைப்பது என்பதைத் தவிர எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. அவளைப் பார்க்க வந்த வரன்களை நான்தான் வாசலில் வைத்து எடை போட்டேன். ஒருவர் மூச்சுவிடும் சத்தமே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். இன்னொருவர் வந்ததும் வராததுமாக என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒத்துவராது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அக்காவும் சரி என்றாள். அல்லது ஒன்றும் சொல்லவில்லை, இரண்டும் ஒன்றுதான்.

புது மீன் வாங்கினால் நேரே தொட்டியில் விடக்கூடாது. தனித் தொட்டியில் வைத்துக் கொஞ்ச நாள் கவனிக்க வேண்டும். அத்தான் விஷயத்தில் அது நடக்கவில்லை. லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். கண் பரிசோதனைக்கு வந்தவர், பார்வை நன்றாக இருந்தும் நாலைந்து தடவை வந்திருக்கிறார். பதிவுத் திருமணம் முடிந்த பிறகுதான் எனக்கே சொன்னார்கள். மனிதர்களை ஏற்றி இறக்குவதுதான் அவருக்குத் தொழில். என்னை இறக்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆனால் நல்லவர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் அவ்வளவு பெரிய தொட்டியை வாங்கி ஹாலில் வைத்தார். ஒரு ஆள் உள்ளே காலை நீட்டிப் படுக்கலாம். "மச்சான், யாரை உள்ள விடுறது, யாரை விடக்கூடாதுங்கறது முழுக்க உங்க பொறுப்பு" என்று சொன்னார். நான் அதை மறக்கவே இல்லை.

பார்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். கோமாளி மீன் ஒரு ஜோடி. அதுபாட்டுக்கு மூலையில் குடித்தனம் நடத்தும். மஞ்சள் டாங் ஒன்று. ஒன்றே ஒன்றுதான், இரண்டு விட்டால் அடித்துக்கொள்ளும். மணலைக் கிளறியே காலம் தள்ளும் கோபி மீன் ஒன்று. யார் வம்புக்கும் போகாத ஜீவன். தப்பு ஒன்றும் செய்தேன். எல்லோருக்கும் முன்னால், தண்ணீர் பக்குவமாகட்டும் என்று விரல் நீளத்தில் ஒரு நீல டாம்செல்லை விட்டிருந்தேன். அது மொத்தத் தொட்டியையும் வளைத்துப் போட்டுக்கொண்டது. கோபியின் துடுப்பு கிழிந்து தொங்கியது.

சாப்பிடும்போது அத்தான் கேட்டார்.

"ஏன் மச்சான், இத்துனூண்டு பயல் இப்படி ரவுடித்தனம் பண்றான்?"

"அவன்தானே அத்தான் முதல்ல வந்தவன். எல்லாம் தன்னோட இடம்னு நெனைச்சுக்கிறான்."

"அதுக்கு என்ன வைத்தியம்?"

"கொஞ்ச நாள் அவனை வெளிய எடுத்து வெக்கணும். பாறையெல்லாம் இடம் மாத்திப் போடணும். மத்தவங்க காலூன்றின பிறகு திரும்ப விட்டா, தன் மூலை எதுன்னே தெரியாம அடங்கிடுவான்."

அத்தான் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப உங்களையும் கொஞ்ச நாள் வெளிய வெச்சுட்டு, சோபாவை இடம் மாத்திப் போட்டுடலாமா?"

நல்ல ஜோக்தான். நானே சொல்லியிருக்க வேண்டியது. அக்கா புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "டேய், அவர் சும்மா சொல்லல. ரெண்டு தெரு தள்ளி உனக்கு ஒரு வீடு பார்த்திருக்கோம். சாப்பாட்டுக்கு இங்கயே வந்துடு. நீயும் எத்தனை நாளைக்குத்தான் என் நிழல்லயே ஒண்டிக்கிட்டு இருப்ப?"

சரிக்கா என்றேன். பாத்திரம் கழுவினேன். ஒரு தட்டுகூட உடையவில்லை.

மறுநாளே மொத்தமாக மீன் தரும் வியாபாரியிடம் கல்மீன் ஒன்று கேட்டேன். பார்த்தால் பாசி படிந்த கல்லேதான். முதுகு முழுக்க முள், முள்ளுக்குள் விஷம். எங்கள் கடையில் இதை நாங்கள் விற்பதே இல்லை.

"தம்பி, இது யார் வீட்டுக்கு?"

"எங்க வீட்டுக்குத்தாண்ணே."

"சின்னப் பிள்ளைங்க இருக்கா?"

"இல்லண்ணே. பெரியவங்கதான்."

உண்மையில் அதைப் போலச் சாதுவான மீன் கிடையாது மேடம். யாரையும் துரத்தாது, இடம் கேட்டுச் சண்டைக்குப் போகாது. ஒரே குறை, முகத்துக்கு நேரே வரும் சின்ன மீனை விழுங்கிவிடும். கோபி என்ன பாவம் செய்தது? அதனால் கல்மீனைத் தொட்டியில் விடுவதற்கு முந்தின நாளே சின்ன மீன்களையெல்லாம் பிடித்து வாளிக்கு மாற்றி, காற்றுக்குழாயும் போட்டுவைத்தேன். அந்த வாளியை வைத்துத்தான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். என் இளகிய மனசால் நான் கெட்டது இது முதல் தடவை அல்ல.

அத்தானுக்கு முந்தின வருஷம்தான் இதய ஆபரேஷன் ஆகியிருந்தது. அவருடைய மாத்திரைகளை அக்கா தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்திலேயே எடுத்துவைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அன்றைக்கும் எடுத்துவைத்திருந்தாள்.

"அத்தான், மூலையில ஒரு பாறை சரிஞ்சிருக்கு. பாறையெல்லாம் மாத்திப் போட்டுடலாமா?" என்றேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். கையுறையைத் தேடினார். ரப்பர் வாடை மீன்களுக்கு ஆகாது என்றேன். "சரிதான், குடியிருக்கறவங்க மனசு நோகக்கூடாது" என்று வெறுங்கையை விட்டார்.

குத்தியபோதும் பெரிதாகச் சத்தம் போடவில்லை. "மச்சான், உங்க ரவுடி என்னையே போட்டுத் தள்ளிட்டான்" என்றார். முகம் வெளுத்துவிட்டது. அந்த விஷத்துக்குத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர்தான் முதலுதவி. மீன்கடையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் அது தெரியும். நான் ஐஸ் கொண்டுவந்து கொடுத்தேன். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் மச்சான்" என்றார்.

ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போடச் சொன்னார். போடுகிறேன் என்று சொல்லி, வாளியில் காற்று சரியாக வருகிறதா என்று பார்த்தேன். கோபி மட்டும் கொஞ்சம் சோர்ந்திருந்தது. தண்ணீரில் பாதியை மாற்றினேன். அவர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திய பிறகு ஃபோன் செய்தேன்.

ஆமாம் மேடம், கொன்றது நான்தான். கோபத்தில் செய்ததில்லை. தொட்டிக்குப் பொறுப்பானவன் சில சமயம் ஒன்றை எடுத்துத்தான் ஆகவேண்டும். எடுத்தால் மற்றவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

அக்கா அன்றைக்கே சுத்தியலை எடுத்துத் தொட்டியைச் சுக்குநூறாக உடைத்துவிட்டாள், வாளியையும் தெருவில் கவிழ்த்துவிட்டாள் என்று உங்கள் காவலர் சொல்கிறார். என் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாளாம். அவர் ஏதோ ஒன்றுக்கு இரண்டாகச் சொல்கிறார். அக்காவைப் பற்றி எனக்குத் தெரியாதா? அவள் இன்னும் என்னைப் பார்க்க வராததற்குக் காரணம் வேறு ஒன்றுமில்லை. அந்த மீன்களுக்குத் தீனி போட இப்போது வீட்டில் அவளைவிட்டால் வேறு ஆளில்லை.